உதிரியும் முழுமையும்

உதிர்தல் என்னும் வினையின் அடியாகப் பிறந்த சொல் உதிரி. காம்பினின்று கழன்ற பூவை உதிரிப்பூ என்கிறோம். தொடுத்த பூவுக்கு ஒரு விலையும் உதிரிப்பூவுக்கு வேறொரு விலையும் கூறப்படுவதை அங்காடியில் நாள்தோறும் காண்கிறோம். இயந்திரங்கள் பெருகிய காலத்தில் இச்சொல் பூக்கடையை விட்டுப் பட்டறைக்குள் புகுந்து, 'உதிரிப் பாகம்' ஆயிற்று. உதிரிப் பாகம் இருவகைப்படும். பழுதுற்ற உறுப்புக்கு மாற்றாகப் பொருத்தவெனப் புதிதாகச் செய்து வைக்கப்பெறுவது ஒன்று. உடைந்த பொருளிலிருந்து கழற்றப்பெற்று, வேறொன்றில் சேரக் காத்துக் கிடப்பது மற்றொன்று. முன்னது கடையில் கிடைக்கும். பின்னது காயலான் கடையில் கிடைக்கும். இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழைவது பின்னதைப் பற்றியே.

ஒரு பொருள் பயனற்றுப் போயிற்று என்று முடிவு செய்பவர் யார்? பயனற்றவை பல சேர்ந்து பயனுள்ள ஒன்றாகும்போது, அப்பயன் எங்கிருந்து வந்தது? அவ்வாறு ஆக்கப்பெற்ற பொருள் யாருக்கு உரியது? இம்மூன்று வினாக்களும் தத்துவ நூலார்க்கு மட்டுமே உரியவை எனச் சிலர் கருதக்கூடும். கோலார் தங்க வயலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் தமிழர்க்கோ இவை ஏட்டு வினாக்கள் அல்ல, வாழ்க்கை வினாக்கள்.

கைவினை ஒன்று

வயலின் குடியிருப்பு ஒன்றில், 1980களின் பிற்பகுதியில் கட்டப்பெற்று இன்றும் பாடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை நாம் கண்டதுண்டு. கையில் தூக்கிச் செல்லத்தக்க ஸ்டீரியோப் பெட்டி அது. தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை அறுத்துச் செய்த கூடு, பழைய தகரப் பெட்டியின் கைப்பிடி, அரபு நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து, கீழே விழுந்து உடைந்துபோன 'டூ-இன்-ஒன்' ஒன்றின் கேசட் ஓட்டும் பகுதி, பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகளில் பொறுக்கி எடுத்த மின்தடைகளும் மின்தேக்கிகளும், டி.பி.ஏ.810 என்னும் ஐ.சி. இரண்டு, காரிலிருந்து கழன்ற ஸ்பீக்கர் ஒன்று, பழைய வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பீக்கர் மற்றொன்று. எட்டு டார்ச் கட்டைகளை வரிசையாக அடுக்கினால் பன்னிரண்டு வோல்ட் கிடைக்கும். அதுவே அதன் உயிர்.

இவ்வளவையும் ஒரு பலகையில் பரப்பி வைத்தால் அது பாடுமா? பாடாது. சேர்த்துப் பற்றவைத்தாலும் உடனே பாடிவிடுவதில்லை. ஒலிநாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர வேண்டும் என்பது கேசட்டுக்கு வகுக்கப்பட்ட விதி. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை வெளியிட்ட நாள்முதல் உலகெங்கும் அதுவே அளவு. மோட்டார் சற்று விரைந்தால் பாடுவோர் குரல் சிறு பிள்ளையின் குரலாகும். சற்றுத் தளர்ந்தால் நோயாளியின் குரலாகும். மோட்டாரின் பின்புறத்துச் சிறு துளையில் மெல்லிய திருப்புளியை நுழைத்து, செவியையே அளவுகோலாகக் கொண்டு அதைத் திருத்த வேண்டும். 'ஹெட்' எனப்படும் ஒலி வாங்கும் உறுப்பு ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் தாளத்தின் கூர்மை மழுங்கிவிடும். அதன் அருகிலுள்ள திருகை இம்மியளவு திருப்பிக் கேட்டு, மீண்டும் திருப்பிக் கேட்க வேண்டும். கார் ஸ்பீக்கர் நான்கு ஓம், வானொலி ஸ்பீக்கர் எட்டு ஓம். ஒரே அழுத்தத்தில் முன்னது இருமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே ஒன்று முழங்க, மற்றொன்று முனகும். இரண்டையும் ஒரு நிலைக்குக் கொணர்வதற்குள் மாலைப்பொழுதுகள் பல கழியும்.

பொருள்களைச் சேர்ப்பது வேறு, இசைவிப்பது வேறு என்பதை இதனால் உணர்கிறோம். கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனை முற்றும் பிரித்து மீண்டும் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார் என்பர். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாத அப்பெருமகனாருக்குப் பிரித்தலே பாடமாகவும் பூட்டுதலே தேர்வாகவும் அமைந்தன. பிரிக்கத் தெரிந்தவர் பலர். பூட்டத் தெரிந்தவர் சிலர். பூட்டியபின் அது பேசும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவர் மிகச் சிலர்.

தேரும் சொல்லும்

இனி, அப்பெட்டியில் பாட்டு எங்கே இருந்தது என்னும் வினாவை நோக்குவோம். இவ்வினாவுக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மிலிந்தன் என்னும் யவன மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடலைப் பாலி நூலாகிய மிலிந்த பஞ்ஹா கூறுகிறது. மன்னன் தேரில் வந்ததாகச் சொல்ல, அச்சு தேரா, உருளை தேரா, நுகம் தேரா என்று துறவி ஒவ்வொன்றாக வினவுகிறார். எதுவும் தேர் அன்று. அவை அனைத்தையும் நீக்கினால் எஞ்சுவதும் தேர் அன்று. உறுப்புகள் முறைப்படி கூடிய வழி வழங்கும் பெயரே தேர் என்று முடிகிறது அவ்வுரை.

இவ்வுரையாடலை வயலில் நின்று நினைப்பது பொருத்தமுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் வேர்கொண்ட இடங்களுள் மாரிக்குப்பம் ஒன்று. அவரது எழுத்துகளைச் சாம்பியன் ரீப் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. 1914இல் பண்டிதர் மறைந்த பின்னர், ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை இவ்வயலிலிருந்து மீண்டும் நடத்தினார். பாறை உடைத்த கைகள் ஏடு புரட்டிய ஊர் இது.

பௌத்தர் தேரைக் காட்டி விளக்கியதை நம் இலக்கணத்தார் சொல்லைக் காட்டி விளக்கலாம். பகுபதத்துக்கு உறுப்புகள் ஆறு என்று நன்னூல் வகுக்கும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்பன அவை. இவற்றுள் விகுதியைத் தனியே எடுத்துத் தெருவில் நின்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. அதனால் அது பயனற்றது ஆகுமா? ஆகாது. செய்தவன் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று காட்டும் பொறுப்பு முழுவதையும் அச்சிறு விகுதியே தாங்குகிறது. தனித்து நிற்கும்போது ஊமையாகவும் சேர்ந்து நிற்கும்போது நாவாகவும் இருப்பதே உறுப்பின் இயல்பு. அப்பெட்டியின் உதிரிகளும் அத்தகையனவே. பாட்டு அவற்றுள் எதிலும் இல்லை. அவை இன்றியும் இல்லை.

கழிவு என்பது யாது?

அவ்வாறாயின், ஓர் உறுப்பைக் கழிவு என்று ஒதுக்குவது எதனால்? அது சார்ந்திருந்த முழுமை சிதைந்துவிட்டது என்பதே காரணம். டூ-இன்-ஒன் உடைந்தது, அதன் மோட்டார் உடையவில்லை. எனினும் பெட்டியோடு மோட்டாரும் குப்பைக்குப் போகிறது. ஆகவே கழிவு என்பது பொருளின் குணமன்று. பொருளை நோக்குவோரின் நோக்கம் முடிந்துவிட்டதற்கு இட்ட பெயர்.

இதற்குத் தங்க வயலே சிறந்த சான்று. ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880 முதல் இங்கே ஆழ்சுரங்கத் தொழிலை வளர்த்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. பொன் தேடியவர்க்குப் பொன் இல்லாப் பாறை வெறும் தடை. உடைத்து, தூக்கி, கொட்ட வேண்டிய சுமை. ஆனால் 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இதே சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். விண்ணிலிருந்து பொழியும் துகள்களுள் நியூட்ரினோ தவிர்ந்த ஏனையவற்றைத் தடுத்து நிறுத்தியது, மேலே கிடந்த அந்தப் பயனற்ற பாறைதான். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடயங்களை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களுள் ஒன்றென்னும் புகழை அப்பாறை வயலுக்கு ஈட்டித் தந்தது. பாறை மாறவில்லை, அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது.

இன்னுமொரு சான்று நம் கண்முன் குன்றாக நிற்கிறது. அரைத்த பாறைமாவைச் சயனைடுக் கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சியதைக் கொட்டிக் கொட்டி எழுந்தவை சயனைடு மேடுகள். காற்று வீசினால் வீட்டுக்குள்ளும் சோற்றுப் பானைக்குள்ளும் புகும் புழுதி அது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளியேறிய பின் எஞ்சிய மிச்சம். அம்மிச்சத்திலும் பொன் உண்டு என்று கணக்கிட்டு, 13 மேடுகளில் மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024இல் இசைவு அளித்தது. கழிவு எனப்பட்டது மீண்டும் செல்வம் எனப்பட்டது. இதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இங்கே ஒரு வினா எழாமற் போகாது. அதனைப் பின்னர்க் காண்போம்.

உரியவர் யார்?

ஒருவன் தன் உடலுழைப்பைக் கலந்த பொருள் அவனுக்கு உரியதாகிறது என்பது ஆங்கில அறிஞர் ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டில் உரைத்த கொள்கை. இக்கொள்கையை அப்பெட்டிக்குப் பொருத்தினால் விடை எளிது: கட்டியவனுக்கே பெட்டி உரியது. ஆனால் அதே கொள்கையைப் பெட்டி இருக்கும் ஊருக்குப் பொருத்தினால்? வடார்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, இருளிலும் வெப்பத்திலும் இறங்கி, நுரையீரலில் கல்துகள் படிய உழைத்தோர் எத்தனை ஆயிரவர்! உழைப்பைக் கலந்தோர் அவர்கள். பொன் சென்றதோ வேறிடம். குழியினின்று மேலேறும்போது உடலைச் சோதித்து அனுப்பும் முறையும் இங்கே இருந்தது. கைரேகை பதிவு செய்யும் ஆணையை எதிர்த்து 1930இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் இங்கேதான். தம்மைத் திருடர் எனக் கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் கூலிக் குறைவினும் பெரிய இழிவாகக் கருதினர்.

எனவே உழைப்பு மட்டுமே உரிமை தரும் என்றால் உலகியல் அதற்கு உடன்படுவதில்லை. விலை மட்டுமே உரிமை தரும் என்றால் நெஞ்சம் உடன்படுவதில்லை. இரண்டுக்கும் இடையே நாம் ஒன்றை முன்வைக்க விரும்புகிறோம். உரிமை என்பது பொறுப்பின் மறுபெயர். ஒரு பொருள் பழுதுறும்போது அதனை எறியாமல் திறந்து பார்ப்பவன் எவனோ, அதன் குறைக்குத் தான் விடைசொல்ல வேண்டியவன் என்று உணர்பவன் எவனோ, அவனே அதற்கு உரியவன். கடையில் வாங்கிய பெட்டி நின்றுபோனால் நாம் கைபிசைந்து நிற்கிறோம். பணம் நம்முடையது, பெட்டியின் உட்புறம் அயலாருடையது. தானே கட்டியவனோ நள்ளிரவில் பெட்டி கரகரத்தால், எந்த இணைப்பு தளர்ந்தது என்று இருளிலும் அறிவான்.

இப்பொறுப்பு பின்னோக்கியும் செல்லும். அந்தக் கார் ஸ்பீக்கர் எந்தக் காரிலிருந்து வந்தது? காயலான் கடையில் விலை கொடுத்ததனால் மட்டும் அது தூயதாகிவிடாது. பிறர் வண்டியினின்று இரவில் கழற்றப்பட்டதாயின், அதில் பாடும் பாட்டிலும் களவு கலந்தே ஒலிக்கும். கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் களவை எண்ணத்திலேயே கடிந்தார். உதிரிகளால் ஆக்குவோன் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டே வாங்க வேண்டும். கேட்காமல் வாங்குவது மலிவாக இருக்கலாம், அறமாகாது.

ஓர் ஐயம்

இங்கே ஓர் ஐயத்துக்கு இடமுண்டு. இல்லாமையால் செய்துகொண்டதை இவ்வளவு போற்றலாமா? புதிய பெட்டி வாங்கப் பொருள் இருந்திருந்தால் அவ்விளைஞன் ஏன் உதிரி பொறுக்கப் போகிறான்? வறியவனின் கைத்திறனை மேடையில் புகழ்ந்துவிட்டு, அவன் வறுமையை அப்படியே விட்டுச் செல்வது கல்வியாளர்க்கும் செல்வர்க்கும் எளிதாக வரும் ஒரு குற்றம்.

இவ்வையம் நேரியது. ஏழ்மையைப் போற்றுவதற்கு நாம் உடன்படோம். கிழிந்த துணியைத் தைப்பவள் திறமுடையவள்தான். அதனால் அவளுக்குப் புதுத்துணி வேண்டா என்றாகாது. ஆயின் இல்லாமையால் தொடங்கியது யாவும் இல்லாமையாலேயே முடிவதில்லை. அப்பெட்டியை ஆக்கியவருக்குப் பின்னாளில் புதியது வாங்கும் வாய்ப்பு வந்தது, வாங்கவும் செய்தார். பழையதை மட்டும் எறியவில்லை. முதல் மோட்டார் போய் இரண்டாவது வந்தது. பெல்ட்டுகள் எத்தனையோ மாறின. கேசட்டுக் காலமே முடிந்தபின், கைப்பேசியின் பாட்டை உள்வாங்க ஒரு துளையும் அதில் அமைந்தது. உறுப்பெல்லாம் மாறியும் அது அதே பெட்டியா என்று யவன அறிஞர் வினவுவர். அதே பெட்டிதான் என்போம் நாம். அதைக் கைவிடாத கை மாறவில்லை அன்றோ?

மனிதன் உதிரியா?

இனி, முன்னே நிறுத்திய வினாவுக்கு வருவோம். 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் வந்த தங்கச் சுரங்கங்கள், 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பெயரில் இயங்கின. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. இழப்பில் ஓடும் தொழிலை எந்நாளும் நடத்த இயலாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுரங்கம் என்னும் முழுமை சிதைந்தபோது, அதில் உறுப்பாயிருந்த மாந்தர் என்ன ஆயினர்? உடைந்த பெட்டியோடு உடையாத மோட்டாரும் குப்பைக்குச் செல்வதுபோல, தொழிலோடு தொழிலாளரின் அறிவும் ஒதுக்கப்பட்டது. பாறையைத் தட்டிப் பார்த்து, எழும் ஒலியால் அதன் உறுதியை அறியும் காது எந்தப் பட்டியலில் இடம்பெறும்? அதற்கு எந்தச் சந்தையில் விலை உண்டு?

இங்கேதான் உவமை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. மோட்டார் தனக்கென ஒரு நோக்கம் உடையதன்று. அதனை எந்தப் பெட்டியில் வைத்தாலும் அது முறையிடாது. மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது, அவனே ஒரு குறிக்கோள் எனக் கொள்ள வேண்டும் என்றார் செருமானியப் பேரறிஞர் இமானுவேல் காண்ட். மனிதன் ஒரு முழுமையில் உறுப்பாகச் சேரலாம். எனினும் அவன் தன்னளவில் முழுமை. ஆகையால் அவனை 'உதிரி' என்பது அளவையில் பிழை, அறத்தில் குற்றம்.

சுரங்கம் மூடிய பின், பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கையை வயலின் மக்கள் மேற்கொண்டனர். யாரும் அவர்களைப் பொறுக்கி எடுத்துப் பூட்டவில்லை. தம்மைத் தாமே பூட்டிக்கொண்டனர். பாராட்டத்தக்கது அது. ஆயினும், மண்மேட்டில் எஞ்சிய பொன்னைத் துளித்துளியாய் அளக்க அறிந்த நாடு, அம்மண்ணை மேலே கொணர்ந்தவர்களிடம் எஞ்சியது என்ன என்பதையும் அளந்து பார்க்கக் கடமைப்பட்டதன்றோ?

நடுவில் நிற்கும் பாட்டு

ஸ்டீரியோ என்பதற்கு ஓர் இயல்பு உண்டு. ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருத்து அது. இரு செவிக்கு இரு வழியாக ஒலி வந்தால், கேட்போனுக்குப் பாடகர் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நிற்பதாகத் தோன்றும். அங்கே ஸ்பீக்கர் இல்லை, வெற்றிடமே உள்ளது. ஆயினும் பாட்டு அங்கிருந்தே வருகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரு ஸ்பீக்கர்களும் ஒருசேர முன்னே வரவும் ஒருசேரப் பின்னே செல்லவும் வேண்டும். ஒன்றின் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். இரண்டும் நல்ல ஸ்பீக்கர்களே. இரண்டும் முழு வலிமையோடு உழைக்கும். எனினும் ஒன்றின் உழைப்பை மற்றொன்று அழித்து, மிருதங்கத்தின் ஆழ்ந்த முழக்கம் மறைந்துபோகும். இதனைக் கண்டறியப் பெருங்கருவி வேண்டா. ஒரு டார்ச் கட்டையை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொட்டால், அதன் கூம்பு முன்னே வருகிறதா பின்னே செல்கிறதா என்று கண்ணாலேயே காணலாம்.

நான்கு ஓமும் எட்டு ஓமும் வேறு வேறு பிறப்பின. ஒன்று காரில் ஓடியது, மற்றொன்று கூடத்தில் அமர்ந்திருந்தது. அவற்றை ஒரே அளவின ஆக்க இயலாது. ஆக்க வேண்டுவதும் இல்லை. திசை ஒன்றாயின் போதும். சங்கங்கள் அமைத்தும், மலர்கள் வெளியிட்டும், கன்னட மண்ணில் தமிழையும் அயலாரின் நட்பையும் ஒருங்கே பேணி வாழும் நமக்கு இது ஏற்ற பாடம். நம்முள் ஊர் வேறு, தொழில் வேறு, கொள்கை வேறு. யாரையும் உதிரி என்று ஒதுக்காமலும், யாரையும் தன்னைப்போல் ஆகுமாறு நெருக்காமலும், நோக்கம் ஒன்றாகக் கூடுவோமாயின், நம்முள் எவர் ஒருவரிடத்தும் தனியே இல்லாத ஒரு பாட்டு நம் நடுவே எழும். அதனைக் கேட்கும் செவியும், எழும்வரை திருத்திக்கொண்டே இருக்கும் பொறுமையும் நமக்கு வாய்ப்பதாக.